ஒரு சாணுக்கும் குறைவான வழி

மேல்வரிசை முன்பற்களிலிருந்து குரல் நாண்கள் வரை அளந்தால், வளர்ந்த மனிதருக்கு 13 முதல் 15 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு சாணுக்கும் குறைவு. மயக்க மருந்தையும் தசைகளைத் தளர்த்தும் ஊசியையும் போட்டுவிட்டால் நோயாளி தானாக மூச்சு விடமாட்டார். அப்போது அந்தச் சிறு தூரத்தைக் கடந்து மூச்சுக்குழாய்க்குள் ஒரு ட்யூபைச் சேர்க்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அரை நிமிடத்தில் முடிகிற வேலை. சிலருக்கு முடியாது. அந்தச் சிலர் யார் என்பதை மேசையில் படுக்கவைப்பதற்கு முன்பே கண்டுகொள்ள வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நான் கடப்பாக்கத்துக்காரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். புதுச்சேரி அதில் பாதி தூரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி, நடுவே சவுக்கும் தென்னையும். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊரில்தான் சாலையை விட்டுத் திரும்புவார்கள். ஊரில் பெரிய வைத்தியம் என்றால் பாதிப்பேர் மதுராந்தகம் போய்ச் செங்கல்பட்டு ஜிஎச்சுக்குப் போவார்கள். மீதிப்பேர் பாண்டி பஸ் ஏறி ஜிப்மருக்குப் போவார்கள். ஒரே ஆள் ஒரு தடவை வடக்கேயும் அடுத்த தடவை தெற்கேயும் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வருவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். ஒரு ஆஸ்பத்திரியில் தெரியவந்தது இன்னொரு ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன்னால் தொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அறுவைக்கு முன் மயக்க மருந்து டாக்டர்களான எங்களிடம் வருவதற்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஃபிட்னஸ் வாங்குவது’. ஈசிஜி, எக்ஸ்ரே, சர்க்கரை, எல்லாத் தாளையும் பிடித்தபடி வரிசையில் நிற்பார்கள். ஒரு கையெழுத்துக்காக வந்திருப்பதாக எண்ணம். வாயைத் திறக்கச் சொன்னால் குழம்புவார்கள்.

“எனக்கு வவுத்துலதான டாக்டரம்மா ஆபரேசன்?”

“வயித்துலதான்யா. ஆனா நீங்க தூங்கறப்போ உங்க மூச்சை நான்தான் பாத்துக்கணும். அது வாய் வழியாத்தான் போவணும்.”

இப்படி வாய்க்குள் பார்க்கும் சோதனைக்கு மல்லம்பட்டி என்று பெயர். சேஷகிரி ராவ் மல்லம்பட்டி ஆந்திரத்தில் பிறந்து, குண்டூரில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வேலை பார்த்தவர். வாய் நன்றாகத் திறந்தும் ட்யூப் போடுவது பெரும்பாடாகிப்போன ஒரு நோயாளியைப் பற்றி அவர் யோசித்திருக்கிறார். அந்த நோயாளியின் நாக்கின் அடிப்பகுதி, உள்நாக்கையும் தொண்டையின் இரண்டு பக்கத் தூண்களையும் மறைத்துக்கொண்டிருந்தது. நாக்கு அந்த வாய்க்குப் பெரிதாக இருந்தால் பின்னால் குரல்வளையையும் அது மறைக்கும் என்று 1983இல் ஓர் ஊகமாக எழுதினார். 1985இல் 210 நோயாளிகளைப் பரிசோதித்துக் கட்டுரையாகவே வெளியிட்டார். அவர் வகுத்தது மூன்று நிலை; 1987இல் சாம்சூன், யங் என்ற இருவர் நான்காவதைச் சேர்த்தார்கள். கருவி எதுவும் வேண்டாம், காசு செலவில்லை. அதனால்தான் உலகம் முழுவதும் அன்றாடம் பேசப்படும் பெயராகிவிட்டது.

செய்யும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. நோயாளி நிமிர்ந்து உட்கார வேண்டும். பார்க்கிறவர் கண் அவர் வாயின் மட்டத்துக்கு வர வேண்டும். வாயை முழுதாகத் திறந்து நாக்கை நீட்ட வேண்டும், ஆனால் சத்தம் எழுப்பக் கூடாது. ‘ஆ’ என்று சொன்னால் அண்ணம் மேலே ஏறி, மூன்றாம் நிலைத் தொண்டை இரண்டாம் நிலைபோலத் தெரியும். மற்ற டாக்டர்கள் எல்லோரும் ‘ஆ சொல்லுங்க’ என்று பழக்கியிருப்பதால் இதைச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த நேரத்தைச் செலவழிக்காமல் குறித்த நிலையை நான் நம்புவதில்லை.

நாக்கைப் பார்த்தால் போதாது. குரல்வளையைப் பார்க்க வாய்க்குள் விடும் லாரிங்கோஸ்கோப்பின் பிளேடு நாக்கை எங்கே தள்ளும் என்றும் பார்க்க வேண்டும். கீழ்த்தாடை எலும்பின் வளைவுக்குள், முகவாய்க்குக் கீழே இருக்கும் மெத்தென்ற இடத்துக்குள்தான் நாக்கு ஒதுங்கியாக வேண்டும். முகவாய் உள்வாங்கியிருப்பவர்களுக்கு அந்த இடம் இல்லை. தலையை நன்றாக அண்ணாந்துகொள்ளச் சொல்லி, தொண்டைச் சங்கின் மேல்விளிம்பிலிருந்து முகவாய் வரை அளப்போம். 6.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எச்சரிக்கை. மூன்று விரல் அகலம் என்று கைக்கணக்கும் உண்டு, ஆனால் என் மூன்று விரலும் ஓர் ஆண் டாக்டரின் மூன்று விரலும் ஒன்றல்ல. சந்தேகம் வந்தால் ஸ்கேல் எடுத்துவிடுவேன். கீழ்ப்பற்களால் மேலுதட்டைக் கடிக்கச் சொல்வது இன்னொரு சோதனை. 2003இல் ஈரானிலிருந்து வந்தது. தாடை முன்னால் நகருமா என்பதை ஒரே அசைவில் காட்டிவிடும். படுக்கையருகே செய்யும் சோதனைகளில் இதுவே மற்றவற்றைவிட நன்றாகக் கண்டுபிடிக்கிறது என்று 2018இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அதுவும் மூன்றில் ஒரு பங்கைத் தவறவிடும் என்று அதே தொகுப்பு சொல்கிறது.

கழுத்து எவ்வளவு நிமிரும் என்பதற்குப் பாகைக் கணக்கு இருக்கிறது. எனக்கு அதைவிட உதவியது வணக்கம். பல வருடச் சர்க்கரை நோயில் மூட்டுகளைச் சுற்றியுள்ள திசுக்கள் விறைத்துப்போகும். விரல் மூட்டில் விறைப்பு இருந்தால் கழுத்தெலும்பும் தலையும் சேரும் இடத்திலும் இருக்கக்கூடும். நான் முதலில் கைகூப்பி “வணக்கம் ஐயா” என்பேன். அவரும் கூப்புவார். இரண்டு உள்ளங்கையும் ஒட்டுகிறதா, விரல்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வேன். சர்க்கரை எத்தனை வருடமாக என்று கேட்டால் பலருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, கை சொல்லிவிடும்.

எங்கள் கடற்கரையில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது பாக்கு. வெற்றிலையோடு சேர்த்து எப்போதாவது மெல்லும் பாக்கைச் சொல்லவில்லை. மாவாவும் பொட்டலத்தில் வரும் புகையிலைப் பாக்கும். 2013இல் தமிழ்நாடு அரசு குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தது. ஆனாலும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள் என்னிடம் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பாக்கிலிருக்கும் ரசாயனம் வாயின் உட்சவ்வுக்குக் கீழே நார்த்திசுவைப் பெருக்கி, கன்னத்தை உள்ளேயிருந்து இறுக்குகிறது. 1952இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதை முதலில் விவரித்தார். நாங்கள் வாய்நார் இறுக்கம் என்போம். முதல் அறிகுறி காரம் தாங்காமை. “மீன்கொழம்பு தின்னா எரியுதுமா” என்று ஒரு நாற்பது வயதுக்காரர் சொன்னால், நான் உடனே கன்னத்தின் உட்பக்கம் விரல்வைத்துத் தடவிப் பார்ப்பேன். செங்குத்தாக வடம் ஓடியிருக்கும். பற்களுக்கு நடுவே அவருடைய மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நுழையும்.

இதில் ஒரு வேறுபாட்டைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் மறுபடி மறுபடி சொல்வேன். பல்லில் சீழ் வைத்தோ தாடை முறிந்தோ வாய் திறக்காதவருக்கு, வலியால் தசை இறுகியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். மயக்க மருந்து கொடுத்தால் கொஞ்சம் இளகும். நார் இறுக்கம் இளகாது. தூங்கியபின் திறந்துவிடும் என்று நம்பி ஊசி போட்டால், திறக்காத வாயோடும் நின்றுபோன மூச்சோடும் நிற்க வேண்டியிருக்கும். திரையில் குரல்வளையைக் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களுக்கு வந்துவிட்டது, நல்ல கருவி. ஆனால் அதுவும் வாய்க்குள் நுழைந்தாக வேண்டும். இவர்களுக்கு விழித்திருக்கும்போதே, தொண்டையை மரக்கவைத்து, மூக்கு வழியாக ஃபைபர் ஆப்டிக் கருவியில் ட்யூபை ஏற்றிக் கொண்டுபோவதுதான் பத்திரமான வழி.

முதுகில் ஊசி போட்டுச் செய்துவிடலாமே என்று அறுவைச் சிகிச்சை டாக்டர்கள் கேட்பார்கள். பல நேரம் அது சரியான யோசனைதான். ஆனால் அந்த ஊசியின் வேலை பாதியில் தீர்ந்துபோனாலோ, மருந்து மேலே ஏறி மூச்சைப் பாதித்தாலோ, அதே வாயைத்தான் திறந்தாக வேண்டும். அதுவும் பாதி அறுவைக்கு நடுவில். தொண்டையைப் பார்க்காமல் முதுகு ஊசிக்குச் சம்மதிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஃபைபர் ஆப்டிக் எல்லா இடத்திலும் கிடைக்காத காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்துத் தீப்பட்ட பெண்கள் அப்போது நிறைய வருவார்கள். ஆறின தோல் சுருங்கி, முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கும். கழுத்தை நிமிர்த்த அறுவை வேண்டும். அறுவைக்கு மயக்கம் வேண்டும். மயக்கத்துக்குக் கழுத்து நிமிர வேண்டும். அவர்கள் கெட்டமைன் கொடுத்து, நோயாளி தானாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே, தழும்பைச் சுற்றி மரப்பு மருந்து போட்டு, முதலில் கழுத்தை மட்டும் விடுவிக்கச் சொல்வார்கள். பிறகுதான் ட்யூப். வாய் திறக்காதவர்களுக்கு, மூக்கில் ட்யூபைச் செலுத்தி, அதன் வாயில் காதை வைத்து மூச்சுச் சத்தம் எங்கே கூடுகிறது என்று கேட்டுக்கேட்டே குரல்வளைக்குள் கொண்டுபோவார்கள். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக மகில், ரோபாதம் என்ற இருவர் வளர்த்தெடுத்த முறை அது. இன்னொன்று, கழுத்தில் கிரிகோதைராய்டு சவ்வு வழியாக ஊசியைச் செலுத்தி, எபிடியூரல் கதீட்டர் இழையை மேல்நோக்கி விட்டு, வாயிலோ மூக்கிலோ வெளியே எடுத்து, அதன்மேல் ட்யூபைக் கோத்து இறக்குவது. 1963இல் நைஜீரியாவில் முகம் அழுகிச் சிதைந்த நோயாளிகளுக்கு வாட்டர்ஸ் என்பவர் செய்து எழுதியது. முதுகு ஊசித் தட்டில் இருக்கும் சாமானே போதும் என்பதால் நம் ஊர்களுக்கும் அது பொருந்திவந்தது.

ஜிஎஸ்டி சாலையிலும் ஈசிஆரிலும் அடிபட்டு வருகிறவர்களிடம் இந்த அளவுகள் எதையும் எடுக்க முடியாது. வாயில் இரத்தம், கழுத்தில் காலர், குடித்திருந்தால் நிறைந்த வயிறு. அங்கே ஒரே கேள்வி: வாய்வழி முடியாவிட்டால் கழுத்தில் எந்த இடத்தைத் திறப்பது? சங்குக்குக் கீழே விரலை இறக்கினால் ஒரு பள்ளம், அதற்குக் கீழே வளையம். பள்ளத்தில்தான் அந்தச் சவ்வு. உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். பருத்த கழுத்திலும் பெண்களிடமும் அதைத் தொட்டறிவது எளிதல்ல. அதனால் திட்டமிட்ட அறுவைக்கு வருபவர்களிடமும் நான் முந்தின நாளே தடவிக் கண்டுபிடித்துவிடுவேன். சந்தேகமான கழுத்தில் பேனாவால் குறியும் இடுவேன்.

நேரம் எவ்வளவு கிடைக்கும் என்பது எளிய கணக்கு. அமைதியாக மூச்சை வெளியே விட்ட பின்பும் நுரையீரலில் 2.5 லிட்டர் அளவு காற்று தங்கியிருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்ஸிஜன். உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லி செலவழிக்கும். இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். முன்கூட்டியே மூன்று நிமிடம் மாஸ்க்கைப் பொருத்திச் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தால், ஆரோக்கியமானவருக்கு எட்டு நிமிடம் வரை கிடைக்கும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு இருப்பும் குறைவு, செலவும் அதிகம். பருமனானவருக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. மாஸ்க்கை முகத்தில் இறுக்கினால் மூச்சு முட்டுகிறது என்று நோயாளிகள் தள்ளிவிடுவார்கள். முந்தின நாளே கையில் கொடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னால் தள்ளமாட்டார்கள்.

இவ்வளவும் பார்த்தபின் ஒரு தகவலைச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 1,88,064 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. ட்யூப் போடுவது கடினமாகிப்போனவர்களில் 93 சதவீதம் பேருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டி யாரும் எதிர்பார்க்கவில்லை. பத்திரிகையில் அதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இல்லை. நான் பார்த்ததும் அதுதான். அப்படியானால் ஏன் இவ்வளவு அளக்க வேண்டும் என்று இளையவர்கள் கேட்பார்கள். ஒரு தொண்டையைப் பத்து நிமிடம் பார்த்தவர் இரண்டாவது வழியையும் மூன்றாவது வழியையும் தட்டில் எடுத்துவைத்துவிட்டுத்தான் மருந்தைத் தொடுவார். எது தோற்றால் அடுத்து எது என்பதைச் சிஸ்டர் உட்பட எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுவார். அளவுகள் சகுனம் பார்ப்பதற்காக அல்ல, அந்தத் தயாரிப்புக்காக. அகில இந்திய கடின சுவாசப்பாதைச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் நம் ஊர் நிலைமைக்கே எழுதப்பட்டவை. முயற்சி நடக்கும்போது மூக்கில் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தோற்ற முயற்சியையே திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது என்று அவை சொல்வதை நான் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பேன்.

93 சதவீதத்தைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. சோதனைகள் தவறவிடுகிற தொண்டை ஒரு தடவை தன்னைக் காட்டிவிட்டால், அடுத்த தடவைக்கு அதைவிட உறுதியான முன்னறிவிப்பு கிடையாது. அதை யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு. எங்கள் பக்கத்து நோயாளிகள் கொண்டுவரும் டிஸ்சார்ஜ் தாள்களில் மயக்க மருந்துக்கு இருப்பது பெரும்பாலும் ‘அண்டர் ஜிஏ’, அதாவது முழு மயக்கத்தில், என்ற ஒரே குறிப்பு. என்ன நடந்தது என்பது அந்த அறையிலேயே தங்கிவிட்டிருக்கும். “போன தடவை தொண்டை ஒரு வாரம் வலிச்சுதுமா”, “முன்பல்லு ஒடஞ்சிபோச்சி”, “ஆபரேசன் பண்ணாமலே திருப்பி அனுப்பிட்டாங்க” என்று நோயாளியின் வாயிலிருந்து வரும் துண்டுகளைச் சேர்த்துத்தான் நான் ஊகிக்க வேண்டியிருந்தது.

இடைக்கழிநாட்டுப் பக்கமிருந்து பித்தப்பைக் கல்லுக்காக வந்த பெண் ஒருவர். முப்பதுகளில் வயது, ஒல்லி, மல்லம்பட்டி முதல் நிலை, கழுத்து நன்றாக நிமிர்கிறது, உதட்டைக் கடிக்கிறார். எதிலும் குறை இல்லை. மயக்கம் கொடுத்து பிளேடை வைத்தால் குரல்வளை மூடியின் நுனி மட்டும் தெரிந்தது. கார்மாக், லெஹேன் இருவரும் 1984இல் வகுத்த கணக்கில் மூன்றாம் நிலை. நாக்கின் வேரில் டான்சில் திசு கொத்துக்கொத்தாக வளர்ந்து, மூடியைப் பின்னால் தள்ளியிருந்தது. வெளியிலிருந்து எந்தச் சோதனையிலும் இது தெரியாது. தலையணையை மாற்றினோம், ட்யூபுக்கு வழிகாட்டும் பூஜி என்ற மெல்லிய குச்சியை நுழைத்துப் பார்த்தோம், ஏறவில்லை. குரல்வளைக்கு மேலேயே அமரும் லாரிஞ்சியல் மாஸ்க்கை வைத்ததும் மூச்சு நன்றாகப் போனது. அப்போது சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு, 98 சதவீதம். சர்ஜனிடம் “எழுப்பிடலாம் சார்” என்றேன். அவரும் மறுப்புச் சொல்லாமல் கையுறையைக் கழற்றினார்.

வெளியே அவர் கணவருக்குக் கோபம். காலையிலிருந்து பட்டினி கிடந்தவளை அறுக்காமலேயே எழுப்பிவிட்டார்கள் என்று. உட்காரவைத்து, தாளில் படம் வரைந்து காட்டினேன். “எழுப்புனதால ஒண்ணும் கெடலைங்க. நாளைக்கு வேற வழியில செய்யலாம், அவங்க முழிச்சிருக்கப்பவே ட்யூபு போயிடும்” என்றேன். மறுநாள் அப்படியே ஆனது. லிக்னோகெய்ன் மருந்தை ஆவியாக இழுத்து, மூக்கும் தொண்டையும் மரத்தபின், அந்தப் பெண் என் சொல்படி ஆழமாக மூச்சிழுக்க இழுக்க ஃபைபர் ஆப்டிக் இறங்கியது. அவ்வளவு பொறுமையாக ஒத்துழைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போகுமுன் ஒரு தாளைக் கொடுத்தேன். மேல்பாதி தமிழில்: மயக்க மருந்து கொடுத்தபின் இவருக்கு மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவது கடினமாக இருந்தது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இதை முதலில் காட்டவும். கீழ்ப்பாதி டாக்டருக்கு: மாஸ்க்கில் மூச்சு கொடுக்க முடிந்ததா, பிளேடில் என்ன தெரிந்தது, எது தோற்றது, எது வேலை செய்தது, எந்த மூக்கு, என்ன அளவு ட்யூப், என் கைப்பேசி எண். கணவரிடமும் தனியாகப் படித்துக்காட்டினேன். அவசரம் என்று தூக்கிக்கொண்டு ஓடும்போது நோயாளியால் பேச முடியாமல் இருக்கலாம். அதன்பிறகு கடினமான தொண்டை எதையும் இந்தத் தாள் இல்லாமல் நான் அனுப்பியதில்லை.

சில வருடங்கள் கழித்துப் புதுச்சேரியிலிருந்து ஒரு டாக்டர் அழைத்தார். காதில் சீழ் வடிந்து அறுவைக்கு வந்திருக்கிறாராம் அதே பெண். தாளை ரேஷன் கார்டு நகலோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.

“மேடம், வலது மூக்குன்னு எழுதியிருக்கீங்க. இடதுல முயற்சி பண்ணீங்களா?”

“இல்லை டாக்டர். இடதுல எலும்பு வளைஞ்சிருக்கு, பாத்தாலே தெரியும். வலதுல 6.5 ட்யூப் போச்சு. தூக்க மருந்து ரொம்பக் குறைவா குடுங்க, அவங்க நல்லா ஒத்துழைப்பாங்க.”

சாயங்காலம் மறுபடி அழைத்தார். நாக்கடித் திசு இன்னும் பெரிதாகியிருக்கிறது, இந்தத் தடவை 6 தான் இறங்கியது என்றார். காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் அதற்கென்று தனியாகத் தேதி வாங்கிக்கொடுத்திருக்கிறார். இரண்டையும் தாளின் பின்பக்கம் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.